மாற்று மருத்துவத்தை விமர்சித்து எழுதுவது எப்படி: அவதூறு வழக்கு வந்தாலும் தாக்குப்பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2008 ஏப்ரலில் பிரிட்டனின் 'தி கார்டியன்' நாளிதழில் அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் ஒரு கட்டுரை எழுதினார். முதுகெலும்பை அழுத்தியும் திருகியும் சிகிச்சை தரும் கைரோபிராக்டிக் முறையைப் பற்றியது அது. விடாமல் அழும் கைக்குழந்தை, அடிக்கடி வரும் காதுத் தொற்று, ஆஸ்துமா, தூக்கக் கோளாறு எல்லாவற்றுக்கும் தங்கள் உறுப்பினர்களால் உதவ முடியும் என்று பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் சொல்லிவந்தது. இதற்கு எள்ளளவும் ஆதாரம் இல்லை, ஆனாலும் இந்தச் சங்கம் போலிச் சிகிச்சைகளைச் சந்தோஷமாக முன்னிறுத்துகிறது என்று சிங் எழுதினார். சங்கம் வழக்குப் போட்டது. நாளிதழை விட்டுவிட்டு, எழுதிய மனிதர் மீது மட்டும்.

வழக்கு முடிய இரண்டு ஆண்டுகள் ஆயின. செலவு சுமார் 2 லட்சம் பவுண்டு. இத்தனைக்கும் அந்தச் சிகிச்சை குழந்தைகளுக்குப் பலன் தருகிறதா என்ற விசாரணைக்குள் வழக்கு போகவே இல்லை. சிங் எழுதியதற்கு என்ன பொருள், அது உண்மைக் கூற்றா கருத்தா என்பதிலேயே காலம் ஓடிவிட்டது.

மருத்துவக் கூற்றுகளை அலசி எழுதும் எவரும் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் அறிவியல் சரியாக இருக்கலாம். வழக்கில் மாட்டுவது பெரும்பாலும் அறிவியல் வாக்கியத்தால் அல்ல, அதற்குப் பக்கத்தில் கோபத்தில் எழுதிய இன்னொரு வாக்கியத்தால். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியவை என்றே சொல்லலாம். இது பொதுவான வழிகாட்டிதான். நோட்டீஸ் கையில் வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

படி 1: எந்த நாட்டுச் சட்டம் உங்கள் மீது பாயும் என்று பாருங்கள்

இங்கிலாந்தில் வழக்குப் போட்டவர் நீங்கள் எழுதியது பொய் என்று நிரூபிக்கத் தேவையில்லை. உண்மை என்று நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில். அமெரிக்காவில் பொதுநலன் சார்ந்த விஷயங்களில் இது தலைகீழ். பொய் என்று காட்ட வேண்டியது வழக்குப் போட்டவர். அதனால்தான் ஒரு காலத்தில் பலரும் லண்டன் நீதிமன்றங்களைத் தேடி ஓடினார்கள். பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் இதயநோய் மருத்துவர் 2007-இல் வாஷிங்டன் மாநாடு ஒன்றில் ஒரு மருத்துவக் கருவியின் ஆய்வைக் குறை சொன்னார். கருவியைத் தயாரித்தது பாஸ்டன் நிறுவனம். பேசியது அமெரிக்காவில், நிறுவனமும் அமெரிக்காவில். வழக்கு மட்டும் லண்டனில்! 2011-இல் அந்த நிறுவனமே மூடப்பட்ட பிறகுதான் அவருக்கு விடிவு வந்தது.

சிங் வழக்கு கிளப்பிய எதிர்ப்பின் விளைவுகளில் ஒன்று இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2013 அவதூறுச் சட்டம். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி நற்பெயருக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்தது, அல்லது நேரக்கூடும் என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். லாபத்துக்காக நடக்கும் நிறுவனம் என்றால் கடுமையான பண இழப்பையே காட்ட வேண்டும். துறை வல்லுநர்கள் பரிசீலித்து வெளியிடும் அறிவியல் இதழ்களுக்குத் தனிப் பாதுகாப்பும் உண்டு.

இந்தியாவில் அவதூறு சிவில் வழக்காகவும் வரும், குற்ற வழக்காகவும் வரும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. உண்மையைச் சொன்னேன் என்பது மட்டும் அங்கே போதாது. பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும்.

படி 2: யாரைப் பற்றி எழுதுகிறீர்கள்?

ஹோமியோபதி என்ற முறை நீதிமன்றத்துக்கு வராது. அக்குபங்சரும் வராது. வழக்குப் போடுவது பெயருள்ள மனிதர், நிறுவனம், சங்கம். 'இந்த முறைக்கு ஆதாரம் இல்லை' என்று நூறு பக்கம் எழுதினாலும் பொதுவாக ஆபத்து குறைவு. 'இந்த மையத்தை நடத்தும் இன்னார்' என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. பெயரைப் போடாமல் விட்டாலும், வாசகருக்கு ஆள் யார் என்று அடையாளம் தெரிந்தால் போட்டது போலத்தான். 'ஊரில் ஒரே ஒரு மையம் இருக்கிறதே, அங்கே' என்ற சாமர்த்தியம் எல்லாம் எடுபடாது.

அதற்காகப் பெயரே சொல்லக் கூடாது என்று அர்த்தமில்லை. குறிப்பிட்ட விளம்பரத்தைக் குறிப்பிட்டு விமர்சிப்பதுதான் வாசகருக்குப் பயன்படும். பெயர் வரும் இடத்தில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வையுங்கள், அவ்வளவுதான்.

படி 3: கூற்றை உறையவையுங்கள்

எழுதத் தொடங்கும் முன் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்துகொள்ளுங்கள். இணையப் பக்கத்தின் முழுப் படம், முகவரி, தேதி, நேரம். காணொளி என்றால் எத்தனையாவது நிமிடத்தில் எந்தச் சொற்கள் என்று எழுதிவையுங்கள். இணைய ஆவணக் காப்பகத்திலும் ஒரு பிரதி ஏற்றிவிடுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் படத்தை 'நீங்களே செய்தது' என்று சொல்லலாம், மூன்றாம் தரப்பிடம் இருப்பதை அப்படிச் சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு? பக்கங்கள் மாயமாகும். 2009-இல் சிங் வழக்கு சூடுபிடித்தபோது, பிரிட்டனின் இன்னொரு கைரோபிராக்டிக் சங்கம் தன் உறுப்பினர்களிடம் இணையதளங்களை இறக்கிவிடச் சொல்லியது. அதற்குள் விமர்சகர்கள் பக்கங்களைச் சேமித்துவிட்டார்கள். அவற்றை வைத்து ஒழுங்குமுறை அமைப்பிடம் நூற்றுக்கணக்கான புகார்கள் குவிந்தன. வழக்குப் போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

படி 4: ஆதாரத்தை நேர்மையாகப் பாருங்கள்

உங்களுக்குப் பிடிக்காத சிகிச்சை என்பதற்காக ஆதாரமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். முதலில் தேடுங்கள். ஒரே கேள்வியில் நடந்த எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோடும் தொகுப்பாய்வுகளில் தொடங்குவது நல்லது. கோக்ரேன் அமைப்பின் தொகுப்புகள் இதற்குப் பெயர் போனவை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் ஹோமியோபதி பற்றிய ஆய்வுகளை அலசி, அது பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் உள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று சொன்னது. இப்படி ஒரு அரசு அமைப்பின் அறிக்கையைச் சரியாக மேற்கோள் காட்டும்போது உங்கள் தோளில் இருந்து பாதிச் சுமை இறங்கிவிடும்.

மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆய்வே நடக்கவில்லை என்பது ஒன்று. நடந்தவை தரமற்றவை என்பது இன்னொன்று. நல்ல ஆய்வுகள் நடந்து, பலன் இல்லை என்று தெரிந்துவிட்டது என்பது மூன்றாவது. எதைச் சொல்கிறீர்களோ அதை அப்படியே சொல்லுங்கள். சாதகமான ஆதாரம் இருந்தால் அதையும் எழுதுங்கள். கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்புக் கையாளுதல் ஓரளவு உதவலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைரோபிராக்டிக்கை விமர்சிக்கும் கட்டுரையில் அந்த ஒரு வரி இருப்பது உங்களைப் பலவீனமாக்காது. நீதிபதி படிக்கும்போது 'இவர் நியாயமாகத்தான் பார்த்திருக்கிறார்' என்று தோன்றவைக்கும் வரி அது.

எதிர்த்தரப்பு ஒரு பட்டியலைத் தூக்கிப் போட்டால் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். 2009 ஜூனில், சிங் மீது வழக்குப் போட்ட பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் தங்களிடம் ஏராளமான ஆதாரம் இருப்பதாகச் சொல்லி 29 மேற்கோள்களை வெளியிட்டது. இணையத்தில் எழுதுபவர்கள் ஒரு நாளுக்குள் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். சில அந்தக் கேள்விக்கே சம்பந்தமில்லாதவை, சில ஒப்பீட்டுக் குழுவே இல்லாத ஆய்வுகள். நீங்களும் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: இது அதே நோயைப் பற்றியதா? சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டார்களா? யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா? குழந்தையின் அழுகை நாளாக நாளாகத் தானாகவே குறையும். ஒப்பீடு இல்லாத ஆய்வில் அந்தப் பெயரைச் சிகிச்சை தட்டிக்கொண்டு போய்விடும்.

படி 5: உண்மை எது, உங்கள் கருத்து எது? கோடு தெரியட்டும்

இந்தப் படிதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

2009 மே மாதம் ஈடி என்ற நீதிபதி, சிங்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 'போலி' என்று எழுதியதற்கு, பலன் இல்லை என்று தெரிந்தே சங்கம் அவற்றை முன்னிறுத்துகிறது, அதாவது மனதறிந்து நேர்மையற்று நடக்கிறது என்று பொருள் கொண்டார். அது கருத்தல்ல, உண்மைக் கூற்று என்றும் சொன்னார். விளைவு? சங்கத்தின் மனதில் என்ன இருந்தது என்பதை சிங் நிரூபிக்க வேண்டிய நிலை. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் சொன்னதெல்லாம் பலிக்கவில்லை. எழுதியவர் என்ன நினைத்தார் என்பதை இங்கிலாந்துச் சட்டம் கேட்பதில்லை. சாதாரண வாசகர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதுதான் கணக்கு.

2010 ஏப்ரல் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மாற்றியது. ஆதாரம் இல்லை என்பது, இருக்கும் ஆய்வுகளின் தரத்தை எடைபோட்டுச் சொன்ன கருத்து என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அறிவியல் சர்ச்சையில் எது உண்மை என்று முடிவுகட்டும் அமைச்சகமாக நீதிமன்றம் மாறக் கூடாது, அறிவியல் வழியில்தான் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பார்வை அந்தத் தீர்ப்பில் இருந்தது. இரண்டே வாரத்தில் சங்கம் வழக்கைக் கைவிட்டது.

உங்களுக்கு வேண்டிய பாடம்: ஒருவரின் மனதுக்குள் போகாதீர்கள். ஏமாற்றுகிறார், தெரிந்தே பொய் சொல்கிறார், மோசடி, பணம் பறிப்பு, போலி மருத்துவர் எல்லாமே நோக்கத்தையோ குற்றத்தையோ சுமத்தும் சொற்கள். ஒரு நீதிமன்றத் தீர்ப்போ கையெழுத்துள்ள ஆவணமோ கையில் இல்லாமல் இவற்றைத் தொடாதீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கற்பனை மையத்தைப் பற்றிய முதல் வரைவு இப்படி இருக்கிறது:

"ஆஸ்துமா குழந்தைகளின் பெற்றோரை ஏமாற்றிப் பணம் பறிக்கிறது இந்த மையம்."

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆறு அமர்வுகளில் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தலாம் என்று இந்த மையத்தின் இணையப் பக்கம் மார்ச் 3 அன்று சொன்னது. ஆதாரம் கேட்டு எழுதினோம். மூன்று நோயாளிகளின் அனுபவக் கடிதங்களை அனுப்பினார்கள். ஒப்பீட்டுக் குழு வைத்து நடந்த ஆய்வு எதையும் அனுப்பவில்லை. இவ்வளவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெற்றோருக்கு இப்படி வாக்குக் கொடுப்பது பொறுப்பற்ற செயல் என்பது என் கருத்து."

இரண்டாவது வடிவம் நீளம்தான். ஆனால் படித்து முடிக்கும்போது அந்த மையத்தின் மீது அதிக நம்பிக்கையிழப்பு எதைப் படித்தால் வருகிறது? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். அதில் முதல் நான்கு வாக்கியங்களும் நிரூபிக்கக்கூடிய உண்மைகள். கடைசி வாக்கியம் அவற்றில் இருந்து எழும் கருத்து. 2013 சட்டத்தின் 3-ஆம் பிரிவு கேட்பதும் ஏறக்குறைய இதையே: கருத்தாக இருக்க வேண்டும், எதன் அடிப்படையில் என்று குறிப்பு இருக்க வேண்டும், அந்த உண்மைகளை வைத்து நேர்மையான ஒருவர் அப்படி நினைத்திருக்க முடியும்.

'என் கருத்து' என்று ஒட்டிவிட்டால் எல்லாம் கருத்தாகிவிடாது. 'என் கருத்தில் அவர் திருடர்' என்பது குற்றச்சாட்டுத்தான். கேள்விக்குறி போட்டாலும் அதேதான்.

தலைப்பிலும் கவனம் வேண்டும். உள்ளே பார்த்துப் பார்த்து எழுதிவிட்டு, மேலே 'ஆஸ்துமா மோசடி' என்று வைத்து மொத்தத்தையும் கெடுத்தவர்கள் உண்டு. சமூக ஊடகத்தில் பகிரும்போது எழுதும் ஒற்றை வரியும் அப்படித்தான்.

படி 6: வெளியிடும் முன் அவர்களைக் கேளுங்கள்

கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். நியாயமான அவகாசம் கொடுங்கள். பதில் வந்தால் அதன் சாரத்தைக் கட்டுரையில் சேருங்கள். வராவிட்டால் 'இன்ன தேதியில் கேட்டோம், பதில் வரவில்லை' என்று எழுதுங்கள். பொதுநலன் கருதி எழுதினேன் என்ற வாதத்துக்கு இந்தக் கடிதப் போக்குவரத்து பெரிய பலம்.

சிங் விவகாரத்தில், பதில் கட்டுரை எழுத இடம் தருகிறோம் என்று நாளிதழ் முன்வந்தது. சங்கம் ஏற்கவில்லை. மேல்முறையீட்டு நீதிபதிகள் இதைக் கவனித்தார்கள். விமர்சகரின் வாயை அடைக்கும் முயற்சியோ என்ற தோற்றத்தை இது தருகிறது என்று தீர்ப்பிலேயே வருத்தப்பட்டார்கள். அதே 2008-இல் நியூசிலாந்து மருத்துவ இதழுக்கும் அந்நாட்டுக் கைரோபிராக்டர்கள் சங்கத்திடம் இருந்து சட்ட மிரட்டல் வந்தது. ஆசிரியர் ஃபிராங்க் ஃபிரிசெல் பின்வாங்கவில்லை. சட்ட பலத்தைக் காட்டாதீர்கள், ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று இதழிலேயே எழுதினார். சங்கத்தின் மறுப்புக்கும் இதழில் இடம் கிடைத்தது. திறந்த விவாதம் என்றால் இப்படித்தான் நடக்க வேண்டும்.

படி 7: வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது, என்ன செய்வது?

அன்றைக்கே பதில் போடாதீர்கள். நோட்டீஸைப் படம் பிடித்து 'பாருங்கள் மிரட்டுகிறார்கள்' என்று போடவும் வேண்டாம். முதலில் படியுங்கள். எந்தச் சொற்கள், எந்தத் தேதி, அவற்றில் எது தவறு, என்ன கேட்கிறார்கள், எத்தனை நாள் கெடு என்பதைப் பட்டியலிடுங்கள். நோட்டீஸ் 'உங்கள் கட்டுரை முழுவதும் அவதூறு' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், வக்கீல் வழியாக இப்படிக் கேட்கலாம்:

"உங்கள் கடிதம் கிடைத்தது. கட்டுரையில் எந்த வாக்கியங்கள் தவறு என்று கருதுகிறீர்கள், சரியான தகவல் என்ன என்பதைத் தெரிவிக்கவும். தவறு இருந்தால் திருத்தத் தயார். உங்கள் மறுப்பையும் வெளியிடத் தயார்."

நிஜமான குறை உள்ளவர் இதற்குப் பதில் சொல்வார். உண்மையிலேயே தவறு இருந்தால் உடனே, கண்ணில் படும்படி திருத்துங்கள். வெறும் மிரட்டல் என்றால் பெரும்பாலும் இதோடு அடங்கிவிடும். 2011-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள புர்சின்ஸ்கி புற்றுநோய் மையத்தின் சார்பில் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர், அதை விமர்சித்தவர்களுக்குக் கடுமையான மின்னஞ்சல்கள் அனுப்பினார். அவர்களில் ஒருவர் வேல்ஸ் நாட்டுப் பள்ளி மாணவர். அவர் வீட்டின் செயற்கைக்கோள் படத்தைக்கூட அனுப்பினார்கள். மாணவர் அந்தக் கடிதங்களை வெளியிட, அதுவரை அந்த மையத்தின் பெயரையே கேட்டிராதவர்களும் அதைப் பற்றிப் படித்தார்கள். அவர் வெளியிட்டது நல்லதாய்ப் போயிற்று. ஆனாலும் வக்கீலைக் கேட்காமல் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

கட்டுரையை முழுதாக நீக்குவதற்கும் அப்படியே வைத்திருப்பதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சர்ச்சைக்குரிய வரிகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைப்பது. 2009 ஜூலையில் சிங்கின் கட்டுரையை உலகெங்கும் பலர் இப்படித்தான் ஒரே நேரத்தில் மறுபடி வெளியிட்டார்கள். வழக்கில் இருந்த வரிகள் போன பிறகும் விமர்சனம் முழுதாகவே நின்றது.

படி 8: இடைக்காலத் தடை

பலர் கணக்கில் எடுக்காத ஆபத்து இது. வழக்கு முடியும் வரை காத்திருக்காமல், உங்களைக் கேட்காமலே, தடை உத்தரவு வாங்கிவிடுவார்கள். 2023 செப்டம்பரில் பெங்களூரு சிவில் நீதிமன்றம் ஒன்றில் மூலிகை மருந்து தயாரிக்கும் ஹிமாலயா நிறுவனம் தொடுத்த வழக்கில், கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் அபி ஃபிலிப்ஸின் எக்ஸ் கணக்கு முழுவதையும் முடக்க ஒருதரப்பு உத்தரவு வந்தது. சில பதிவுகளுக்காக மொத்தக் கணக்கும் போனது. அக்டோபரில் கர்நாடக உயர் நீதிமன்றம், சம்பந்தப்பட்ட பதிவுகளை மறைத்துவைக்கும் நிபந்தனையோடு கணக்கைத் திரும்பத் தந்தது. 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பத்திரிகைக் கட்டுரைகளுக்கு இப்படி எடுத்த எடுப்பில் தடை போடுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்களுக்குச் சொன்னது. உங்கள் வக்கீல் முதலில் எடுத்துக்காட்ட வேண்டிய தீர்ப்பு அது.

எழுத்தின் பிரதியை வேறு இடத்திலும் வைத்திருங்கள். வழக்கு வரும் என்று தோன்றினால், என்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டுவைக்கலாமா என்றும் கேளுங்கள்.

படி 9: போராடுவதா, விடுவதா?

வீரவசனம் பேசும் இடம் இதுவல்ல. மத்தியாஸ் ராத் என்ற வைட்டமின் வியாபாரி, தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் மருந்துகள் விஷம் என்று விளம்பரம் செய்துவந்தார். அவரை விமர்சித்த மருத்துவர் பென் கோல்டேக்கர் மீதும் தி கார்டியன் மீதும் வழக்குத் தொடுத்தார். 2008 செப்டம்பரில் அவரே கைவிட்டார். அதற்குள் நாளிதழுக்கு ஆன செலவு சுமார் 5 லட்சம் பவுண்டு. ஜெயித்தாலும் எல்லாச் செலவும் திரும்பி வந்துவிடாது. பின்னால் ஒரு நாளிதழ் நிற்கிறதா, பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, கருத்துச் சுதந்திர அமைப்புகள் உதவுமா, உங்கள் நேரம் எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒரு விளக்கக் குறிப்போடு சமரசம் செய்துகொள்வதில் கேவலம் ஒன்றுமில்லை. எதிராளிக்கும் இழப்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஜெர்மனியில் ஒரு இயற்கை மருத்துவர் தொடுத்த வழக்கில் முன்னாள் இயற்கை மருத்துவரும் விமர்சகருமான பிரிட் ஹெர்ம்ஸ் 2019-இல் கீல் நகர நீதிமன்றத்தில் வென்றார். வழக்கால் அவருடைய விமர்சனங்களைத் தேடிப் படித்தவர்கள்தான் கூடினார்கள்.

படி 10: எழுதாமலே செய்யக்கூடியது

உங்கள் நோக்கம் ஒரு குறிப்பிட்ட விளம்பரம் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் என்றால், கட்டுரையே தேவைப்படாமல் போகலாம். பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையம் 2011 மார்ச் முதல் நிறுவனங்களின் சொந்த இணையதளங்களில் உள்ள விளம்பரக் கூற்றுகளையும் விசாரிக்கிறது. இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வுகள் சட்டம் பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. படி 3-இல் சேமித்த படங்களை இணைத்துப் புகார் அனுப்புங்கள். ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு அப்போது விளம்பரம் செய்தவரிடம் போய்விடும். அமைப்பு தீர்ப்புச் சொன்ன பிறகு அதை மேற்கோள் காட்டி நீங்கள் எழுதும் கட்டுரைக்கு நோட்டீஸ் வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும்.